பின்முற்றத்துக் கல்லும் அதன் இடுக்குகளும்

போன நவம்பர் மழையில் அம்மா பின்முற்றத்தில் வழுக்கி விழுந்தார். கறிவேப்பிலை பறிக்க நாலு எட்டு வைத்திருப்பார், அவ்வளவுதான். எலும்பு முறியவில்லை, ஆனால் மணிக்கட்டு வீக்கம் வற்ற மூன்று கிழமை எடுத்தது. "கல்லில கால் வைக்கவே பயமாக் கிடக்கு பிள்ளை" என்று சொன்னவர், அதற்குப் பிறகு பின்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார். அந்தக் கதவடியில் இருந்து காலைத் தேநீர் குடிப்பது அவருடைய வழக்கம். அந்த முற்றத்தை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. சுற்றிவர எல்லாம் தொடர்மாடி ஆகிவிட்டது. பின்வளவு என்று சொல்ல எங்களிடம் மிஞ்சியிருப்பது பதினாலு அடி நீளம், பத்து அடி அகலத்தில் கல் பதித்த முற்றமும், ஒரு கறிவேப்பிலையும், ஒரு செவ்வரத்தையும்தான். கல்லை அப்பா 2006ஆம் ஆண்டு வாங்கிப் பதித்தார். கடப்பா கல் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். இரண்டடிக்கு ஓரடி, எழுபது துண்டு. கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட நிறம், மேல்பக்கம் மினுக்காத சொரசொரப்பு.

வழுக்கியது கல்லின் குற்றமில்லை. நாலு வருடத்துக்கு முன் ஆட்களைப் பிடித்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்குகளை அடைத்து, தண்ணீர் இறங்காமல் மேலே பூச்சும் போட்டு 'சீல்' பண்ணுவித்தோம். சீமெந்தைத் தண்ணீராகக் கரைத்து முற்றம் முழுவதும் ஊற்றி, றப்பர் கட்டையால் இடுக்குகளுக்குள் தள்ளினார்கள். கல்லில் ஒட்டியதை அசிட் போட்டுக் கழுவினார்கள். ஒரு கிழமை கழித்து வந்து வார்னிஷ் மாதிரிப் பளபளக்கும் ஒன்றைப் பூசிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பூச்சு பால் சிந்தியதுபோல வெளுத்தது. அப்புறம் ஓரங்களில் உரிந்தது. உரியாத இடங்களில் பாசி பிடித்துச் சவர்க்காரம் தேய்த்ததுபோல ஆகிவிட்டது. இடுக்குச் சாந்து வெடித்துத் துண்டு துண்டாகக் கழன்றது, கீழேயிருந்த மணலை எறும்புகள் மேலே கொண்டுவந்து குவித்தன. மூன்று கல் தாழ்ந்துபோய்க் குட்டையும் கட்டியது. தெளிந்த தண்ணீர் ஒரு கிழமை, பத்து நாள் நின்றால் ஏடிஸ் நுளம்புக்குப் போதும். கொழும்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடக்கூடாது என்பது எனக்கு முதலே தெரியும். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் முழு மழை. மே மாதத்தில் மறுபடி பிடிக்கும். நடுவில் ஜனவரியும் பெப்ரவரியும்தான் கல் உண்மையாகக் காயும் காலம். ஆகவே தைப்பொங்கல் வரை பொறுத்தேன். முற்றத்தில் பொங்கி முடித்துவிட்டுத் தொடங்குவது என்று திட்டம். இம்முறை அடுப்புக் கற்களுக்குக் கீழே மணலைத் தடிப்பாகப் பரப்பினேன். சூடு நேரே பட்டால் இந்த வகைக் கல் செதில் செதிலாகக் கிளம்பும்.

கடைக்காரர் சொன்ன பெயரை நம்பாமல், முதலில் இது என்ன கல் என்று நானே பார்த்தேன். வடிகாலுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத மூலையில் உளியால் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி, அதன்மேல் அரைத் தேசிக்காயைப் பிழிந்தேன். குனிந்து காதை வைத்தால் மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். தூளுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பின. துடைத்துப் பார்த்தபோது, சாறு பட்ட கல்லும் அந்த அளவுக்கு மங்கியிருந்தது. சுண்ணாம்புக்கல்தான். கருங்கல் என்றால் தேசிக்காய்க்கு அசையாது. அரைத் தேசிக்காய்க்கே இப்படி என்றால், அன்று ஊற்றிய அசிட் என்ன செய்திருக்கும்? கல்லின் நடுவில் இருந்த வெளிறிய திட்டுகளுக்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவை கறை இல்லை, கல்லே அரிபட்ட இடங்கள். அவற்றைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. வீட்டில் கல் பதித்தவர்கள் யாராயிருந்தாலும் இந்தத் தேசிக்காய்ச் சோதனையைச் செய்துவிட்டே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

பழைய பூச்சை எடுக்க இரண்டு நாள் போனது. பஞ்சில் தின்னரை நனைத்து ஓரிடத்தில் வைத்துப் பார்த்தேன், பூச்சு இளகிப் பிசுபிசுத்தது. அதனால் பெயின்ற் கழற்றும் ஜெல்லை வாங்கிப் பூசி, பொலித்தீனால் மூடி, அரை மணி நேரம் கழித்து நைலோன் பிரஷ்ஷால் தேய்த்துச் சுரண்டி எடுத்தேன். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். வழித்த குழம்பை வடிகாலுக்குள் விடாமல் பழைய தகரத்தில் சேர்த்தேன். எங்கள் ஒழுங்கை வடிகால் போய்ச் சேர்வது வெள்ளவத்தைக் கால்வாயில்.

அடுத்தது பாசி. சாதாரண வீட்டு பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் எட்டுப் பங்கு. ஊற்றி இருபது நிமிடம் விட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரால் அலசினேன். அதற்கு முன் செவ்வரத்தைக்கும் கறிவேப்பிலைக்கும் அடி நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். பிளீச்சோடு எந்த அசிட்டையும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். பிரஷர் வோஷர் இரவல் தருவதாகப் பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அது பாசியோடு இடுக்கில் மிஞ்சியிருக்கும் நல்ல சாந்தையும் கிளப்பிவிடும்.

இந்த இடத்தில் மேசன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்டவளைக்காரர், எங்கள் ஒழுங்கையில் தொடர்மாடி ஒன்றில் வேலை செய்கிறார். மாலையில் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இடுக்க அப்புறம் பார்ப்போம். மொதல்ல ஒவ்வொரு கல்லையும் தட்டிக் கேளுங்க" என்றார். றப்பர் சுத்தியலால் எழுபதையும் தட்டினேன். பெரும்பாலானவை 'டொக்' என்று கெட்டியாகப் பேசின. ஐந்து கல் மட்டும் பானையைத் தட்டியதுபோல ஒலித்தன. குட்டை கட்டிய மூன்றும் அந்த ஐந்துக்குள் அடக்கம்.

அலவாங்கை இடுக்கில் விட்டு, கல்லின் விளிம்பு உடையாமல் மரத்துண்டு ஒன்றைக் கொடுத்து நெம்பினோம். கீழே பார்த்தால் நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டைச் சாந்து, மிச்சம் எல்லாம் வெறும் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஈர மணலும் எறும்புப் புற்றும். தண்ணீர் மேலே இருந்து போய் அங்கே தங்கியிருக்கிறது. அது கீழேயே நின்று நின்று மேலே வரப் பார்த்ததுதான் அந்தப் பூச்சு வெளுத்ததற்கும் காரணம். இடுக்கை மட்டும் அடைத்து விட்டிருந்தால் அடுத்த வருடமும் இதே கதைதான்.

பழைய உருண்டைகளைக் கொத்தி எடுத்து, ஒன்றுக்கு நாலு சீமெந்து மணல் சாந்தை முழுப் பரப்பிலும் விரித்தோம். கல்லின் முதுகைக் கழுவி, சீமெந்தையும், சாந்து நன்றாக ஒட்டச் சேர்க்கும் எஸ்.பி.ஆர். என்ற பால் போன்ற திரவத்தையும் குழைத்துப் பிரஷ்ஷால் பூசி, அது காயும் முன் கல்லை வைத்துத் தட்டி இறக்கினோம். சரிவை ஒளி புகும் குழாயில் தண்ணீர் விட்டு அளந்தோம். பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம், அதாவது எண்பதுக்கு ஒன்று. சொரசொரப்பான கல்லுக்கு அறுபதுக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. ஆனால் மற்ற அறுபத்தைந்து கல்லும் கெட்டியாக இருக்கும்போது அதற்காக முழு முற்றத்தையும் கிளப்ப எனக்கு மனம் வரவில்லை. மற்றக் கற்களின் மட்டத்துக்கே இந்த ஐந்தையும் வைத்தோம்.

இடுக்குகளைத் தோண்டியதுதான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. மொத்தம் கிட்டத்தட்ட இருநூறு அடி. அரை அங்குல அகலத்துக்கு ஓரங்குல ஆழம் என்று கணக்கு வைத்தேன். அகலத்தைப்போல ஆழம் இரண்டு மடங்காவது இல்லாவிட்டால் புதுச் சாந்துக்குப் பிடி கிடைக்காது. மேலாகத் தடவியது மேலாகவே உரியும். கிரைண்டர் பிடித்தால் ஒரு நாளில் முடியும் என்றார்கள். ஆனால் தட்டு ஒருமுறை நழுவினால் கல்லின் விளிம்பில் ஆயுசுக்கும் வடு. தூசியும் நுரையீரலுக்குக் கெடுதல். ஒடுங்கிய உளியும் சிறு சுத்தியலும் எடுத்து, காலை ஆறரை முதல் ஒன்பது வரை என்று ஐந்து நாள் உட்கார்ந்து தோண்டினேன். கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டு தோண்டினால் தூசி பறக்காது. கடைசி நாள் அம்மா பின்கதவடியில் கதிரை போட்டு இருந்து, நான் தவறவிட்ட இடங்களைக் கைகாட்டினார். கதவு திறந்தது அன்றைக்குத்தான்.

சரி, சாந்து. இருநூறு அடி இடுக்குக்கு ஏறத்தாழ பதினெட்டு லீற்றர் சாந்துதான் பிடிக்கும். ஒன்றுக்கு மூன்று கலவையில் சீமெந்து ஒன்பது கிலோ அளவு வரும். 50 கிலோ மூட்டையில் கால் பங்கும் இல்லை. ஹாட்வெயாரில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தந்தார்கள். அப்படி வாங்கினால் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கொழும்பு ஈரக்காற்றுக்குத் திறந்த மூட்டை சீக்கிரம் கட்டி பிடிக்கும், விரலால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் வாங்க வேண்டாம். மணல் ஆற்று மணல், நுளம்பு வலையில் சலித்தது. கடல் பக்கத்தில் இருக்கிறோம், கால் மைல் நடந்தால் மணல் சும்மா கிடக்கிறது என்று நினைக்கவே கூடாது. அதிலிருக்கும் உப்பு இடுக்கு முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையில் எல்லாமே சாந்தின் ஈரத்தில்தான் இருக்கிறது. சுவர் பூசுவதுபோலக் குழைத்தால் அது கல்லில் அப்பும், அப்பியதைக் கழுவினால் நுண்துளைக்குள் சாம்பல் படலமாக இறங்கும். அதற்குத்தான் அன்று அசிட்டைத் தேடினார்கள். அண்ணன் தாச்சிக்குள் சீமெந்தையும் மணலையும் உலர்வாகவே ஒரே நிறமாகும் வரை புரட்டிவிட்டு, கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கலந்தார். பிறகு ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கிப் புடிங்க, விரிங்க" என்றார். உருண்டை விரல் அடையாளத்தோடு அப்படியே நின்றது. நடுவில் பெருவிரலால் அழுத்தினால் இரண்டாகப் பிளந்தது. உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை, மணல் பொருக்கு மட்டும். "இதுதான். கை நனைஞ்சா கூடிப்போச்சு, உதிர்ந்தா காணாது." பிட்டுக்கு மா குழைத்தவர்களுக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாச்சியையும் நான் அப்படித்தான் பிடித்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவு மட்டுமே கலந்தேன். இறுகத் தொடங்கியதற்குத் தண்ணீர் விட்டு உயிர் கொடுக்கப் பார்க்கவில்லை.

முதல் நாள் மாலை இடுக்குகளை நன்றாக நனைத்தேன். காலையில் லேசாகத் தெளித்தேன். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் சீமெந்து இறுகாமல் பொடியாகிவிடும். பாதி ஆழத்துக்குப் போட்டு ஒடுங்கிய இரும்புத் தட்டால் குத்திக் குத்தி இறுக்கி, அப்புறம் மேல்பாதியை நிரப்பி இறுக்கினேன். கடைசியில் அரை அங்குலக் கம்பியின் வளைத்த முனையால் நீளமாக ஒரே இழுப்பு. சாந்து கல்லின் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே, மெல்லிய குழிவாக நிற்கும். அந்த இழுப்பில் மேற்பரப்பு அடைபட்டுக் கருஞ்சாம்பலாக மினுங்குவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. சிந்திய பொருக்குகளை உடனே துடைக்காமல் விட்டு, ஒரு மணி நேரத்தில் மென்மையான தும்புத்தடியால் கூட்டினேன். கல்லில் ஒரு கறையும் இல்லை.

வீட்டுச் சுவரும் முற்றமும் சேரும் கோட்டில் மட்டும் சாந்து போடவில்லை. வெயிலுக்குக் கல் விரியும், சுவர் அசையாது, நடுவில் போடும் சாந்து எப்படியும் வெடிக்கும். முன்பு அந்த வெடிப்பு வழியாகத்தான் குசினிச் சுவருக்கு ஈரம் ஏறியது. நுரைக் கயிற்றை உள்ளே திணித்து மேலே சிலிக்கோன் விட்டேன். புளித்த வினாகிரி வாசம் அடிக்கும் சிலிக்கோனில் அசிட் உண்டு, சுண்ணாம்புக்கல்லுக்கு ஆகாது. 'நியூட்ரல்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்து நாள் ஈரம் காத்தேன். சாக்கின் சாயம் கல்லில் இறங்கும் என்ற பயத்தில், அப்பாவின் பழைய சாரங்களையும் தேய்ந்த கட்டில் விரிப்புகளையும் நனைத்து விரித்தேன். காலை, பகல், மாலை என்று மூன்று தரம் தண்ணீர். கட்டம் போட்ட அந்தச் சாரங்கள் அப்பாவின் முற்றத்தில் வரிசையாகக் கிடந்ததை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காத்திருப்பு. இரண்டாம் கிழமை இடுக்குகளில் வெள்ளையாகப் பொடி பூத்தது. அது பயப்பட வேண்டிய விடயமில்லை. சீமெந்து இறுகும்போது விடும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து படிவதுதான். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் புது ஈரம் உள்ளே போய் இன்னும் சுண்ணாம்பை மேலே கொண்டுவரும். இந்தப் பூப்பு முழுதாக நிற்கும் முன் சீலர் பூசினால் வெள்ளை உள்ளே சிறைப்படும். நாலு வருடத்துக்கு முன் ஒரு கிழமையில் பூசிய தவறு இதுதான். நான் ஆறு கிழமை விட்டேன்.

கல்லுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க நாலாம் கிழமையில் ஒரு சோதனை செய்தேன். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டேன். நடுவில் வைத்தது உலர்ந்திருந்தது. சுவரோரம் வைத்ததில் உள்பக்கம் வியர்த்ததுபோலத் துளிகள். கல்லில் பிழை தேடி அரை நாள் போன பிறகுதான் பார்த்தேன், தோட்டக் குழாயின் வாஷர் தேய்ந்து, சுவர் வழியே சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. வாஷரை மாற்றி இரண்டு கிழமை கழித்து மறுபடி ஒட்டினேன். காய்ந்திருந்தது.

சீலரில் இரண்டு வகை. ஒன்று மேலே தோலாகப் படிவது, மற்றது கல்லுக்குள் ஊறுவது. தோல் வகை மினுக்கும், ஈரத்தை மூச்சுவிட விடாது, நனைந்தால் வழுக்கும். ஊறும் வகை கண்ணுக்கே தெரியாது. தண்ணீரைத் தடுக்கும், ஆவியை வெளியே விடும், சொரசொரப்பு அப்படியே இருக்கும். தகரத்தில் சுண்ணாம்புக்கல்லுக்கு ஏற்றது என்று எழுதியிருப்பதைப் பார்த்து, தண்ணீர் அடிப்படையிலான ஊறும் வகையில் இரண்டு லீற்றர் எடுத்தேன். மூலையில் ஒரு கல்லில் பூசி இரண்டு நாள் பார்த்து, நிறம் மாறவில்லை என்று தெரிந்த பிறகே முழுவதற்கும் போனேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை, முன் இரண்டு நாளும் வெயில். மார்ச்சில் பின்னேரம் இடி மழை வரலாம் என்பதால் காலை எட்டு மணிக்கே, கல் சுடும் முன் தொடங்கினேன். சூடான கல்லில் பூசினால் ஊறும் முன் காய்ந்துவிடும். நாலு நாலு கல்லாக, தட்டைப் பிரஷ்ஷால் மெல்லிதாகப் பூசி, பத்து நிமிடத்தில் மேலே நிற்பதைப் பழைய துவாயால் ஒற்றி எடுத்தேன். முதல் பூச்சு முழுதாகக் காயும் முன் இரண்டாவது. பதினொன்றுக்குள் முடிந்தது. வடிகாலடியில் ஒரு கல்லை ஒற்ற மறந்து பிசுபிசுப்பு நின்றது. அதே சீலரை அதன்மேல் கொஞ்சம் தடவி இளக்கி உடனே துடைத்ததும் போய்விட்டது. மழை ஞாயிறு பின்னேரம்தான் வந்தது.

சீலர் பூசியதால் இனிப் பாசியே வராது என்று நினைக்க வேண்டாம். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வரும், ஆனால் கல்லுக்குள் வேர் ஊன்றாமல் தும்புத்தடிக்கே போய்விடுகிறது. தேசிக்காய் விழுந்தால் இப்போதும் கல் மங்கும், அசிட்டுக்கு இது தடையில்லை. ஏப்ரல் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கல்லில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, சரிவு வழியே வடிகாலுக்கு ஓடியது. குட்டை எங்கும் இல்லை. வடிகாலடியில் இரண்டடி நீளத்துக்கு மட்டும் மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தது. அன்று வெயில் ஏறி, நான் அவசரமாக ஒரே தரத்தில் நிரப்பிய இடம் அது. அதைத் தோண்டித் திரும்ப நிரப்ப வேண்டும். சலித்த மணலில் ஒரு வாளியை அதே நிறம் வரட்டும் என்று மூடி வைத்திருக்கிறேன். சீலர் அரை லீற்றர் மிச்சம் இருக்கிறது, தகரத்தில் திகதி எழுதியாயிற்று. அம்மா இப்போது கதிரையைக் கதவுக்கு வெளியே, கறிவேப்பிலைப் பக்கமாகப் போடச் சொல்கிறார்.